ஒரு ஜாண் தழும்பு

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் இந்தப் பக்கம் வர முடியல மக்களே. இதுக்கு நடுவுல, பக்கத்து சீட் நண்பர் நீண்ட லீவு முடிஞ்சு வேலைக்குத் திரும்பினார். மனைவிக்குக் கிட்னி குடுத்துட்டு வந்திருக்கார்! "எங்க வெட்டினாங்க?"ன்னு கேட்டேன். வயித்துல மூணு சின்னப் புள்ளி, அடிவயித்துல ஒரு கோடு, அவ்வளவுதானாம்.

இப்போ கொசுவர்த்தி சுத்திக்குங்க. நான் ஒண்ணாப்பு படிக்கும்போது எங்கம்மா தன் தம்பிக்கு, அதாவது எங்க மாமாவுக்கு, ஒரு கிட்னி குடுத்தாங்க. விலாவுல ஆரம்பிச்சு முன்வயிறு வரைக்கும் ஒரு ஜாண் தழும்பு. ரெண்டு மாசம் தண்ணிக்குடம் தூக்கல. மழை நாள்ல இன்னும் வலிக்குதும்பாங்க. இந்த ரெண்டு தழும்புக்கும் நடுவுல என்னதான் நடந்ததுன்னு தேடிப் படிச்சதுதான் இந்தப் பதிவு.

உயிரோட இருக்கிறவர்கிட்ட எடுத்த சிறுநீரகம் முதன்முதலா வெற்றிகரமா வேலை செஞ்சது 1954 டிசம்பர் 23, பாஸ்டன்ல. குடுத்தவர் ரொனால்ட் ஹெரிக், 23 வயசு. வாங்கினவர் அவரோட இரட்டைச் சகோதரர் ரிச்சர்ட். ரொனால்டிடமிருந்து சிறுநீரகத்தை எடுத்தவர் ஹார்ட்வெல் ஹாரிசன். ரிச்சர்டுக்குப் பொருத்தினவர் ஜோசப் மர்ரே. மர்ரேவுக்கு 1990ல் நோபல் பரிசு. ஹாரிசன் பேரை யாரும் அதிகம் சொல்றதில்ல. யோசிச்சுப் பார்த்தா அவர் வேலைதான் பயங்கரம். நோயே இல்லாத ஒருத்தரைக் கத்தி வெச்சு வெட்டணும், எதுவும் ஆகாம வீட்டுக்கும் அனுப்பணும்.

அதுக்கப்புறம் நாப்பது வருஷம் வழி இதுதான். விலாப்பக்கம் நீளமா வெட்டு, தசைகளை அறு, பல சமயம் பன்னிரண்டாவது விலா எலும்புல ஒரு துண்டையும் எடு. வாங்குறவருக்கு மருந்து, மாத்திரைன்னு எவ்வளவோ முன்னேற்றம். குடுக்கிறவருக்கு அதே வெட்டு.

1990 ஜூன்ல, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் ரால்ஃப் கிளேமன் லேப்ராஸ்கோப்பி மூலமா முதல் சிறுநீரகத்தை எடுத்தார். வயித்துக்குள்ள கரியமில வாயுவை நிரப்பி, சின்ன ஓட்டைகள் வழியா கேமராவையும் கருவிகளையும் விட்டு, டிவி திரையைப் பார்த்துக்கிட்டே செய்யற முறை. ஆனா அது கட்டி வந்த சிறுநீரகம். உள்ளேயே ஒரு பைக்குள்ள போட்டுத் துண்டாக்கி, ஓட்டை வழியா வெளிய எடுத்தாச்சு.

தானம் குடுக்கிற சிறுநீரகத்தை அப்படிச் செய்ய முடியுமா? முழுசா வரணும். ரத்தக்குழாய்களைப் போதுமான நீளத்தோட வெட்டணும் (இடப்பக்கச் சிறுநீரகத்தின் சிரை நீளமானதுங்கிறதால பெரும்பாலும் அதைத்தான் எடுப்பாங்க). குழாயை அடைச்ச நொடியிலிருந்து கடிகாரம் ஓடும். சட்டுனு வெளிய எடுத்துக் குளிர்ந்த திரவம் செலுத்தணும்.

1995 பிப்ரவரியில பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பேவியூவில் லாயிட் ராட்னரும் லூயி கவுஸியும் அதைச் செஞ்சு காட்டினாங்க. குடுத்தவருக்கு 40 வயசு. வேலையெல்லாம் ஓட்டைகள் வழியா, கடைசியில தொப்புளுக்குக் கீழ 9 சென்டிமீட்டர் வெட்டு, அது வழியா முழுச் சிறுநீரகம். குளிரூட்டுறதுக்கு முன்னால ரத்த ஓட்டம் இல்லாம இருந்த நேரம் 5 நிமிஷத்துக்கும் குறைவு. பொருத்தின உடனே சிறுநீர் வந்தது. குடுத்தவர் மறுநாளே வீட்டுக்குப் போயிட்டார்!

எல்லாரும் உடனே கைதட்டிடல. சிறுநீரகம் கெட்டுப்போகாதா, சிறுநீர்க்குழாய் பாதிக்காதா, இவ்வளவு நேரம் ஆகுதேன்னு கேள்விகள். நியாயமான கேள்விகள்தான், ஆரம்பத்துல சிக்கல்களும் வந்தது. பழகப் பழகக் குறைஞ்சது. இன்னிக்குப் பல நாடுகள்ல இதுதான் வழக்கமான முறை.

அதுக்காக ஆபத்தே இல்லைன்னு நினைச்சுடாதீங்க. 2010ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வுப்படி, குடுத்தவர்கள்ல பத்தாயிரத்துல சுமார் 3 பேர் 90 நாளுக்குள்ள இறந்திருக்காங்க. தழும்புதான் சின்னதாச்சு, குடுக்கிறது சின்ன விஷயம் ஆகல. ரொனால்ட் ஹெரிக் ஒத்தைச் சிறுநீரகத்தோட 56 வருஷம் வாழ்ந்து 2010ல் காலமானார். ரிச்சர்ட் 1963லேயே போயிட்டார்.

எங்க மாமா பதினோரு வருஷம் இருந்தார்.

இதையெல்லாம் அம்மாகிட்ட சொல்லிட்டு, "கொஞ்ச நாள் பொறுத்திருந்தா உனக்கும் சின்னத் தழும்போட போயிருக்குமேம்மா"ன்னேன்.

"எனக்கென்னடா, பொறுத்திருப்பேன். அவனால முடியாதே"ன்னாங்க.

டிஸ்கி: நான் பொட்டி தட்டுறவன், டாக்டர் இல்ல. வீட்டுல யாராவது குடுக்கிற யோசனையில இருந்தா நல்ல டாக்டரா பார்த்துப் பேசுங்க. குடுக்கிறவருக்கு என்ன ஆகும்னு முதல்ல கேளுங்க.