ஷிஃப்ட் + டெலீட் தட்டிட்டீங்களா? ஃபைல் திரும்பக் கிடைக்குமா என்பதை முடிவு செய்வது எது? முழு விளக்கம்

கை தவறி ஒரு ஃபைல் டெலீட் ஆகிவிட்டால் பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் வேலை என்ன? கூகுளில் ‘ரெக்கவரி சாஃப்ட்வேர்’ என்று தேடி, மேலே வரும் ஒன்றை டவுன்லோட் செய்து, அதே கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் செய்வது. பல நேரங்களில் ஃபைல் நிரந்தரமாகப் போவது இந்த இடத்தில்தான்.

எனக்கே நடந்திருக்கிறது. கல்லூரி மூன்றாம் ஆண்டு புராஜெக்ட்டுக்காக, ஊரில் அப்பத்தாவும் அவர் செட்டு பெண்களும் பாடிய தாலாட்டு, நடவுப் பாட்டுகளை போனில் ரெக்கார்டு செய்து வைத்திருந்தேன். மொத்தம் 14 ஆடியோ. போனில் இடம் இல்லையென்று எல்லாவற்றையும் பென் டிரைவுக்கு மாற்றிவிட்டு, போனில் அழித்துவிட்டேன். பிரிண்ட் எடுக்கப் போன கடையில், அவசரத்தில் ஃபோல்டரோடு டெலீட். கடைக்கார அண்ணன் உதவி செய்யத்தான் நினைத்தார். ஒரு மென்பொருளை ஓடவிட்டு, மீட்ட ஃபைல்களை அதே பென் டிரைவிலேயே சேமித்தார். 9 வந்தது. மீதி 5ல் அப்பத்தா தனியாகப் பாடியதும் ஒன்று. முதலில் மீட்ட ஃபைல்கள்தான் மீதியின் மேல் போய் உட்கார்ந்துவிட்டன என்பது எனக்குப் புரியவே ரொம்ப நாள் ஆனது.

டெலீட் தட்டும்போது உள்ளே என்ன நடக்கிறது?

ரயில் ரிசர்வேஷன் சார்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள். டெலீட் என்பது சார்ட்டில் ஒரு பெயரை அடிப்பது மட்டும்தான். ஆள் இன்னும் சீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறார். அடுத்த ஸ்டேஷனில் அந்த சீட்டுக்கு வேறொருவர் ஏறும்போதுதான் இவர் எழுந்து போக வேண்டியிருக்கும்.

விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் முறையில் அந்த சார்ட்டுக்குப் பெயர் மாஸ்டர் ஃபைல் டேபிள். எந்த ஃபைல், என்ன பெயர், டிஸ்க்கில் எந்தெந்த இடத்தில் இருக்கிறது என்ற விவரமெல்லாம் அதில் இருக்கும். ஃபைலை நிரந்தரமாக அழித்தால், ‘இந்தப் பதிவு இப்போது பயன்பாட்டில் இல்லை, இந்த இடம் காலி’ என்று குறித்துக்கொள்வதோடு சரி. 4 ஜிபி படத்தை அழிக்க சில நொடி கூட ஆகாததற்குக் காரணம் இதுதான்.

ஆக, அழித்த பிறகு அந்த டிஸ்க்கில் புதிதாக எதுவும் எழுதப்படாத வரை வாய்ப்பு இருக்கிறது. நாம் ஒன்றுமே செய்யாவிட்டாலும் விண்டோஸ் சும்மா இருக்காது. அப்டேட் இறங்கும், பிரவுசர் தற்காலிக ஃபைல்களைச் சேமிக்கும். யூடியூபில் ‘டெலீட் ஆன ஃபைலை மீட்பது எப்படி’ என்று வீடியோ பார்ப்பதே டிஸ்க்கில் எழுதும் வேலைதான்! அதை போனில் பாருங்கள்.

முதலில், ஃபைல் நிஜமாகவே அழிந்துவிட்டதா?

சிரிக்காதீங்க, பாதி கேஸ் இங்கேயே முடிந்துவிடும். ஷிஃப்ட் சேர்க்காமல் டெலீட் மட்டும் தட்டியிருந்தால், அதே ஃபோல்டரில் கன்ட்ரோல் + இசட் அழுத்துங்கள், திரும்பி வந்துவிடும். இல்லையென்றால் ரீசைக்கிள் பின்னைத் திறந்து பாருங்கள். எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் இருந்து அழித்ததாக இருந்தால், அந்த டிஸ்க்கைச் செருகிவிட்டுப் பாருங்கள். அதற்கான குப்பைத்தொட்டி அந்த டிஸ்க்கிலேயே இருப்பதால், செருகினால்தான் தெரியும். பென் டிரைவ், மெமரி கார்டு, கேபிள் போட்டு இணைத்த போன் ஆகியவற்றில் அழிப்பது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. நேரடியாகப் போய்விடும்.

மவுஸ் வழுக்கி பக்கத்து ஃபோல்டருக்குள் இழுத்துப் போட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. இதற்கு ‘எவ்ரிதிங்’ என்ற இலவசத் தேடல் மென்பொருளைப் போல ஒன்று கிடையாது. மேலே சொன்ன மாஸ்டர் ஃபைல் டேபிளையே நேரடியாகப் படிப்பதால், லட்சக்கணக்கான ஃபைல்களில் இருந்து பெயரின் ஒரு துண்டைக் கொடுத்தாலும் தட்டத் தட்டக் காட்டும். விண்டோஸின் சொந்தத் தேடலோடு போராடியவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஃபைல் தொலைந்த பிறகு இதைத் தேடி இறக்காமல், இன்றே போட்டு வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து நம்ம ஊர் ஸ்பெஷல்: ஜெராக்ஸ் கடையில் செருகி எடுத்த பென் டிரைவில் எல்லா ஃபைலும் காணாமல் போய், ஒரே ஒரு ஷார்ட்கட் மட்டும் நிற்கும். இது ஷார்ட்கட் வைரஸ். பெரும்பாலும் ஃபைல்கள் அழிந்திருக்காது, மறைத்து வைக்கப்பட்டிருக்கும். அந்த ஷார்ட்கட்டைக் கிளிக் செய்யாதீங்க. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ஃபோல்டர் ஆப்ஷன்ஸ் திறந்து, வியூ பகுதியில் ‘ஷோ ஹிடன் ஃபைல்ஸ்’ என்பதைத் தேர்வு செய்யுங்கள். கூடவே ‘ஹைட் புரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்’ என்ற டிக்கையும் எடுங்கள். இந்த இரண்டாவது டிக்கை எடுக்காமல் ‘எல்லாம் போச்சு’ என்று பென் டிரைவை ஃபார்மேட் அடித்தவர்கள் நிறைய பேர். ஃபைல்களைப் பத்திரமாக எடுத்த பிறகு ஆன்டிவைரஸ் ஸ்கேன் செய்துவிட்டு, அந்த டிக்கைத் திரும்பப் போட்டுவிடுங்கள்.

கூகுள் டிரைவ் குப்பையில் போன ஃபைல் 30 நாட்கள் இருக்கும், கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படம் என்றால் 60 நாட்கள். வேர்டில் சேமிக்காமல் மூடிய கோப்பு என்றால், ஃபைல் மெனுவில் இன்ஃபோ, அதில் மேனேஜ் டாக்குமெண்ட், அதற்குள் ‘ரெக்கவர் அன்சேவ்டு டாக்குமெண்ட்ஸ்’. செய்தி அறையில் இருப்பவர்களுக்கு இந்தப் பாதை மனப்பாடம்!

உங்க கம்ப்யூட்டரில் இருப்பது எந்த டிஸ்க்?

பலரும் கேட்கத் தவறும் கேள்வி இது. ஆனால் விஷயமே இதில்தான் இருக்கிறது. டாஸ்க் மேனேஜர் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் டிஸ்க் என்று இருக்கும் இடத்தைப் பாருங்கள். ஹெச்டிடி அல்லது எஸ்எஸ்டி என்று எழுதியிருக்கும்.

ஹெச்டிடி, அதாவது சுழலும் பழைய ஹார்டு டிஸ்க் என்றால் ரயில் சார்ட் கதை அப்படியே பொருந்தும். மேலே எதுவும் எழுதப்படாவிட்டால், மாதம் கழித்துக் கூட ஃபைல் அப்படியே கிடைக்கலாம்.

எஸ்எஸ்டி வேறு மாதிரி. அதில் ஏற்கெனவே எழுதிய இடத்தில் அப்படியே மேலே எழுத முடியாது. முதலில் அழித்தாக வேண்டும். கடைசி நேரத்தில் அழித்துக்கொண்டிருந்தால் வேகம் குறையும் என்பதால், ஃபைல் டெலீட் ஆனதுமே ‘இந்த இடம் எனக்கு வேண்டாம்’ என்று விண்டோஸ் எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடும். இந்தக் கட்டளைக்குப் பெயர் ட்ரிம். 2009ல் வந்த விண்டோஸ் 7 முதல் இது இருக்கிறது. டிக்கெட் கேன்சல் ஆனதுமே ஆளை இறக்கிவிட்டு சீட்டையும் கழுவி வைப்பது போல. ட்ரிம் நடந்த பிறகு அந்த இடத்தைப் படித்தால் பொதுவாக வெறும் பூஜ்ஜியங்கள்தான் வரும்.

இங்கே ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. ரெக்கவரி மென்பொருளை ஓடவிட்டால் ஃபைலின் பெயர், அளவு, தேதி எல்லாம் அழகாகக் காட்டும். ‘எக்ஸலன்ட்’ என்று பச்சைப் புள்ளி கூட வைக்கும். மீட்டுத் திறந்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. பெயர் சார்ட்டில் இருந்து வந்தது, உள்ளடக்கம்தான் போய்விட்டது. பணம் கட்டினால் மட்டுமே மீட்டுத் தரும் மென்பொருட்களிடம் பலர் ஏமாறுவது இங்கேதான். பிரிவியூவில் படம் திறந்து காட்டினால் ஒழிய காசு கட்டாதீங்க.

(ஒரு சின்ன விதிவிலக்கு: மிகச் சிறிய நோட்பேடு குறிப்புகளை என்டிஎஃப்எஸ் தனி இடத்தில் வைக்காமல் சார்ட்டுக்குள்ளேயே எழுதி வைத்துவிடும். அவை ட்ரிம்முக்குத் தப்பலாம். நாலு வரி பாஸ்வேர்டு குறிப்பு எஸ்எஸ்டியில் இருந்தும் திரும்பி வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.)

பென் டிரைவ், மெமரி கார்டுகளில் பெரும்பாலும் ட்ரிம் நடப்பதில்லை. கேமரா கார்டை க்விக் ஃபார்மேட் அடித்திருந்தால் கூட பட்டியல்தான் போயிருக்கும், படங்கள் பெரும்பாலும் உள்ளே இருக்கும். விண்டோஸ் விஸ்டா முதல் ‘ஃபுல் ஃபார்மேட்’ அப்படி அல்ல. டிஸ்க் முழுவதும் பூஜ்ஜியம் எழுதிவிடும். அதற்கு மருந்தில்லை.

சரி, இப்போ என்ன செய்யணும்?

பென் டிரைவ், மெமரி கார்டு என்றால் உடனே கழற்றி வைத்துவிடுங்கள். டி டிரைவில் இருந்த ஃபைல் என்றால் அந்த டிரைவைத் தொடாதீங்க. சி டிரைவில் இருந்ததென்றால் கம்ப்யூட்டரை ஆஃப் செய்துவிட்டு, அந்த டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் இணைத்துப் பார்ப்பதே சிறந்தது. கழற்றத் தெரியாதவர்கள், வேறு கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றை பென் டிரைவில் ஏற்றி, அதில் இருந்து பூட் செய்யலாம். இன்ஸ்டால் செய்யாமல் ‘லைவ்’ ஆக ஓட்டினால் உள்ளே இருக்கும் டிஸ்க்கில் எழுதாது. சி டிரைவ் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் ரெக்கவரி கீ கேட்கும். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் லாகின் செய்து பாருங்கள், பல லேப்டாப்களுக்கு அங்கே சேமிக்கப்பட்டிருக்கும்.

எந்த மென்பொருளைப் பயன்படுத்தினாலும் ஒரே ஒரு விதி: மென்பொருளும், மீட்கும் ஃபைல்களும் வேறு டிஸ்க்கில் இருக்க வேண்டும். என் 5 ஆடியோ போனது இந்த ஒரு விதி தெரியாததால்.

எந்த மென்பொருள்?

முதல் முறை செய்பவர்களுக்கு ரெக்குவா. இலவசப் பதிப்பே போதும். இன்ஸ்டால் செய்யத் தேவையில்லாத போர்ட்டபிள் பதிப்பை வேறொரு பென் டிரைவில் போட்டு ஓட்டலாம். சார்ட்டைப் படித்து மீட்பதால் ஃபைல் பெயரோடு திரும்பக் கிடைக்கும்.

சார்ட்டே சேதமாகிவிட்டாலோ, ஃபார்மேட் ஆகிவிட்டாலோ ஃபோட்டோரெக். பிரான்ஸைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் கிரெனியே உருவாக்கிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருள், முற்றிலும் இலவசம். பெயரில் போட்டோ இருந்தாலும் ஆடியோ, வீடியோ, பிடிஎஃப், வேர்டு என எல்லாவற்றையும் தேடும். சார்ட்டை இது நம்புவதே இல்லை. ஒவ்வொரு வகை ஃபைலும் தொடங்கும்போது அதற்கென்று ஒரு அடையாளம் இருக்கும். டிஸ்க்கை முதலில் இருந்து கடைசி வரை வாசித்து, அந்த அடையாளத்தை வைத்து ‘இங்கே ஒரு ஜேபெக் ஆரம்பிக்கிறது’ என்று கண்டுபிடித்து வெட்டி எடுக்கும். இதனால் பெயர்கள் கிடைக்காது. எழுத்தும் எண்ணுமாக ஆயிரக்கணக்கில் ஃபைல்கள் வந்து குவியும், உட்கார்ந்து பிரிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆகும். துண்டு துண்டாகச் சேமிக்கப்பட்ட பெரிய வீடியோக்கள் பாதியில் நின்றுபோகவும் செய்யலாம். கறுப்புத் திரை பயமாக இருந்தால், அதனுடனேயே வரும் க்யூஃபோட்டோரெக்கை மவுஸ் வைத்து இயக்கலாம்.

மைக்ரோசாஃப்ட்டும் 2020ல் ‘விண்டோஸ் ஃபைல் ரெக்கவரி’ என்ற ஒன்றை வெளியிட்டது. ஸ்டோரில் இலவசம். ஆனால் கட்டளைகளைத் தட்டச்சு செய்துதான் இயக்க வேண்டும். மீட்கும் ஃபைலை வேறு டிரைவில்தான் வைப்பேன் என்று அடம்பிடிக்கும், அந்த விஷயத்தில் நல்ல பிள்ளை.

‘ஃபுல் வெர்ஷன் கிராக்’ என்று டெலிகிராமில் சுற்றும் ரெக்கவரி மென்பொருட்கள் வேண்டவே வேண்டாம். தொலைந்த போட்டோவைத் தேடப் போய், மிச்சமிருக்கும் ஃபைல்களையும் ரான்சம்வேரிடம் பறிகொடுக்க வேண்டியிருக்கும்.

எப்போ கடைக்குப் போகணும்?

ஹார்டு டிஸ்க்கில் ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்தாலோ, அவ்வப்போது காணாமல் போய் வந்தாலோ எந்த மென்பொருளையும் ஓட்டாதீங்க. பவரை நிறுத்திவிடுங்கள். அது இயந்திரக் கோளாறு, ஓட ஓட உள்ளே இருக்கும் தட்டு கீறப்படும். டேட்டா ரெக்கவரி மட்டுமே செய்யும் இடத்துக்குக் கொண்டுபோவதுதான் சரி. கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: மீட்க முடியாவிட்டால் கட்டணம் உண்டா? முதலில் டிஸ்க்கை நகல் எடுத்து, நகலில்தான் வேலை செய்வீர்களா? பணம் கட்டும் முன் மீட்ட ஃபைல் பட்டியலைக் காட்டுவீர்களா? இரண்டாவது கேள்விக்கு ‘அதெல்லாம் எதுக்கு சார்’ என்று பதில் வந்தால் டிஸ்க்கை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

பழைய லேப்டாப்பை விற்கப் போறீங்களா?

மேலே படித்ததெல்லாம் உங்களுக்கு எதிராகவும் வேலை செய்யும். ஃபோல்டர்களை அழித்துவிட்டு விற்ற பழைய ஹார்டு டிஸ்க்கில் இருந்து ஆதார் நகல், குடும்பப் படங்கள் என எல்லாவற்றையும் வாங்கியவர் இதே ஃபோட்டோரெக்கை வைத்து எடுத்துவிடலாம். விற்கும் முன் செட்டிங்ஸில் ‘ரீசெட் திஸ் பிசி’ சென்று ‘ரிமூவ் எவ்ரிதிங்’ கொடுங்கள். அதோடு நிற்காமல் ‘சேஞ்ச் செட்டிங்ஸ்’ என்பதற்குள் போய் ‘கிளீன் டேட்டா’ என்பதை ஆன் செய்யுங்கள். சாதாரண ரீசெட்டை விட நேரம் எடுக்கும், பெரிய ஹார்டு டிஸ்க் என்றால் பல மணி நேரம் கூட ஆகலாம். சார்ஜரை மாட்டிவிட்டு இரவில் ஓடவிடுங்கள்.