சாசனமும் அமைப்புக் கோப்பும்: குறியேற்ற உரையின் இருப்பிடம் பற்றி ஒரு வரலாற்று நோக்கு

கம்பளையிலிருந்து நான்காம் புவனேகபாகு அரசாண்ட காலத்தில், சேனாலங்காதிகாரன் என்னும் அமைச்சன் இலங்காதிலக விகாரையை எடுப்பித்தான். அதற்களித்த கொடைகளைக் கூறும் 1344 ஆம் ஆண்டுச் சாசனம் அங்குள்ள பாறையிற் சிங்களத்திலும் தமிழிலும் பொறிக்கப்பட்டுள்ளது. கட்டடம் வேறு, அதனை நடத்தும் ஏற்பாடு வேறு என்னும் இப்பாகுபாட்டையே கணினித் துறையிலும் காண்கின்றோம். பெருநிறுவனங்களின் செயலிகளில், இடத்துக்கிடம் மாறுபவை நிரலினின்றும் பிரிக்கப்பட்டு அமைப்புக் கோப்பில் வைக்கப்படுகின்றன. அக்கோப்பிலே குறியேற்ற உரைத் துணுக்குகளை வைத்தல் தகுமா என்பதே நாம் ஈண்டு ஆராயும் பொருளாகும்.

உரையின் உறுப்புக்களைக் குறிகளாற் சுட்டும் முறையை 1969 இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் கோல்ட்பார்ப், மோஷர், லோரி ஆகிய மூவர் வகுத்தனர். அதன் வழிவந்த எஸ்.ஜி.எம்.எல். 1986 இற் சர்வதேச நியமமாயிற்று, எக்ஸ்.எம்.எல். 1998 இல் வெளிவந்தது. ஆவணங்களுக்கெனப் பிறந்த இம்முறை அமைப்புக் கோப்புக்களுக்கும் மொழியாயிற்று. 2002 இல் வெளியான டொட் நெற் தளம் இதற்குத் தக்க சான்றாகும்.

சிக்கலும் ஆங்கே தோன்றிற்று. தமிழ்ச் சாசனத்தின் தொடக்கத்திற் கிரந்த எழுத்தில் வரும் 'ஸ்வஸ்தி ஸ்ரீ' மங்கல மொழியென்பதைப் படிப்போர் குறிப்பால் உணர்வர். கணினிக்கு அக்குறிப்பறிவு இல்லை. திரையிற் காட்டுதற்கென வைத்த துணுக்கின் கோணக்குறியை அது கோப்பின் குறியென்றே கொள்ளும். ஆதலின் அதனை மாற்றுக் குறியீட்டால் எழுத வேண்டியதாயிற்று. 'சீடேட்டா' என்னும் வேலிக்குள் அடைத்தலும் ஒரு வழியே. எனினும் பண்பு மதிப்பினுள் அவ்வேலி செல்லாது. அன்றியும், அத்துணுக்கைத் திருத்த வல்லார் எவரும் பக்கத்திலே தீய கட்டளையையும் புகுத்தலாம்.

இவற்றினும் பெரிதாய இழப்பு ஒன்றுண்டு. 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் இலங்கையின் அரசகரும மொழியாக்கியது. ஆயின் மொழிபெயர்ப்பாளர் கைக்கு வருவன மொழிக் கோப்புக்களே. அமைப்புக் கோப்பில் ஒளிந்த துணுக்கு அவர் கண்ணிற் படுவதில்லை. தமிழ்ப் பக்கத்தின் நடுவே பிறமொழி அறிவித்தல் தோன்றுதற்கு இதுவும் ஒரு காரணமாகும். அறிவித்தலைப் படிக்கவியலாதவர் விண்ணப்ப நாளையே தவறவிடக்கூடும்.

ஆகவே, குறிகள் பக்க வார்ப்பிலும், சொற்கள் மொழிக் கோப்பிலும், எண்ணும் முகவரியும் அமைப்புக் கோப்பிலும் இருத்தலே முறையெனத் துணிகின்றோம். கம்பளைக் காலத்துச் சாசனம் இரு மொழியையும் பலர் காணும் பாறையில் வைத்தது. உரையை வைக்கும் இடம் அதனைப் படிப்போரின் உரிமையோடு தொடர்புடையது என்பதற்கு அதுவே சான்றாகும்.