கோடையும் மலையும் விடுப்பும்: திருவள்ளூர் – கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தமிழ்ப் பொருளிலக்கண மரபில் வேனிற்காலம் மலைக்கு உரியதன்று. தொல்காப்பியம் குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் பெரும்பொழுதாக வகுத்துள்ளது. வேனிலும் நண்பகலும் பாலைக்கு உரியவை. பாலையின் உரிப்பொருளோ பிரிவு. பொருள்தேடும் தலைவன் வெயிலில் தனியே செல்கிறான், தலைவி இல்லிருந்து நாள் எண்ணுகிறாள். கணவனும் மனைவியும் மக்களும் பொருளீட்டும் வேலையை நிறுத்திவிட்டு, கோடையில் ஒருங்கே மலைக்குச் சென்று தங்கும் வழக்கத்திற்கு இம்மரபில் இடமில்லை. அது பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவான வழக்கம்.

மலையில் குளிர்ச்சி என்றும் இருந்தது. அங்குச் சென்று தங்குவதற்கான, ஊதியம் குறையாத ஓய்வுதான் எல்லார்க்கும் இருக்கவில்லை. எனவே குடும்பக் கோடைச் சுற்றுலாவின் வரலாற்றைத் தட்பவெப்பம், போக்குவரத்து ஆகியவற்றின் வரலாறாக மட்டும் எழுதுதல் போதாது. முதன்மையாக அது விடுப்பின் வரலாறு. மலைவாழிடங்களுக்குச் செல்லும் இருப்புப்பாதை ஊடறுத்துச் செல்வதும், பிற்காலத்தில் ஆலைகள் நிறைந்ததுமான திருவள்ளூர் வட்டாரத்திலிருந்து நோக்கும்போது இது தெளிவாகப் புலப்படுகிறது.

மலைக்குச் சென்ற அரசு

கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819ஆம் ஆண்டில் நீலகிரிக்குச் சென்றார். பின்னர் உதகையில் அவர் கட்டிய கல் மாளிகையைச் சுற்றி ஐரோப்பியர் குடியிருப்பு வளர்ந்தது. மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மறைப்பணியாளர்கள் காய்ச்சலாலும் பிற நோய்களாலும் உறவினரை இழந்தபின் 1845இல் கொடைக்கானலில் வீடுகள் கட்டினர். இவ்விரு தொடக்கங்களிலும் பொழுதுபோக்கைவிட உடல்நலமே முன்னின்றது. ஆயினும் அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாண அரசே ஆண்டின் பல மாதங்கள் உதகையிலிருந்து இயங்கலாயிற்று. ஆளுநரும் உயரலுவலர்களும் குடும்பத்தோடு மலையேறினர். கோப்புகளும் அவர்களுடன் சென்றன. அவர்கள் விடுப்பு எடுக்கத் தேவையிருக்கவில்லை. அலுவலகமே இடம்பெயர்ந்ததால் ஊதியமும் உடன் சென்றது. சாலை அமையாத காலத்தில் அவர்களையும் அவர்தம் குழந்தைகளையும் நாற்காலியிலும் டோலியிலும் சுமந்து ஏற்றியவர்கள் மலையடிவாரத்துக் கூலியாட்கள். ஒருவர் ஓய்வுக்குச் செல்ல மற்றொருவர் வேலைசெய்ய வேண்டியிருந்தது என்பது மலைவாழிட வரலாற்றில் அடிக்கடி விடுபடும் செய்தி.

தென்னிந்தியாவின் முதல் பயணியர் இருப்புப்பாதை 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திற்கும் வாலாஜா சாலைக்கும் இடையே திறக்கப்பட்டது. திருவள்ளூர் அப்பாதையில் அமைந்த ஊர். அப்பாதையின் நீட்சியாகவே 1873இல் மேட்டுப்பாளையம் வரை தொடர்வண்டி சென்றது. மலை இரயில் 1899இல் குன்னூரையும் 1908இல் உதகையையும் அடைந்தது. கோடைதோறும் மலைக்குச் செல்வோர் திருவள்ளூரைக் கடந்தே சென்றனர். ஏரிப்பாசன வேளாண்மையை நம்பியிருந்த அவ்வட்டார மக்களுக்குச் சித்திரை, வைகாசித் திங்கள்களில் வேலை குறைவு. ஆனால் வேலையில்லாத நாள் கூலியில்லாத நாளுமாகும். அதனை விடுமுறை என்று சொல்ல இயலாது.

இவ்வட்டாரக் குடும்பங்கள் மலைக்கே செல்லவில்லை என்று கருதுவதும் பிழை. திருப்பதிக்கும் திருத்தணிக்கும் குழந்தையின் முடியிறக்கவும் காதுகுத்தவும் உற்றார் உறவினரோடு சென்றனர். திருமலைக்கு முதல் மலைச்சாலை 1944இல் அமைந்தபின் முதியோரும் கைக்குழந்தைகளும் எளிதில் செல்ல முடிந்தது. அப்பயணத்தின் நோக்கம் ஓய்வன்று, நேர்த்திக்கடன். இவ்விரண்டும் சந்திக்கும் ஓர் இடமாகத் திருத்தணிப் படித்திருவிழாவைக் கொள்ளலாம். ஆங்கிலப் புத்தாண்டில் வெள்ளை அதிகாரிகளைக் கண்டு வாழ்த்துச் சொல்லச் சென்ற அலுவலர்களை முருகனை வணங்க வருமாறு வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் திருப்பினார் என்பது மரபுச் செய்தி. டிசம்பர் 31 அன்று 365 படிகளிலும் பூசையும் பாடலும் நிகழ்கின்றன. கோயில் நாட்காட்டியில் இல்லாத ஒரு நாள் அலுவலக நாட்காட்டியின் வழியே மலைக்கு வந்து சேர்ந்தது.

சட்டம் தந்த நாட்கள்

ஆலைத் தொழிலாளர்க்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பதே 1891ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தால்தான் அமைந்தது. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்கள் முன்வைத்த குறைகளுள் ஒன்று நண்பகல் உணவு இடைவேளை போதாமை. நிமிடங்களுக்காகப் போராடியவர்கள் ஊதியத்துடன் கூடிய வாரங்களை எண்ணிப் பார்க்கும் நிலை அன்று இல்லை. உலக அளவில் 1936ஆம் ஆண்டு ஒரு திருப்பம். அவ்வாண்டில் பிரான்சு தொழிலாளர்க்கு இரண்டு வார ஊதிய விடுமுறையைச் சட்டமாக்கியது; பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் இதுபற்றி ஓர் உடன்படிக்கையை ஏற்றது. இந்தியாவில் அம்பேத்கர் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த காலத்தில், 1945ஆம் ஆண்டுத் திருத்தம் ஆலைத் தொழிலாளர்க்கு ஆண்டுக்குப் பத்து நாள் ஊதிய விடுமுறையை வழங்கியது.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 79ஆம் பிரிவு, பிந்தைய திருத்தங்களுடன், கணக்கை இவ்வாறு வகுத்தது: ஒரு நாட்காட்டி ஆண்டில் ஒரு தொழிற்சாலையில் 240 நாட்கள் வேலைசெய்தவர்க்கு, வேலைசெய்த ஒவ்வோர் 20 நாளுக்கும் ஒரு நாள் வீதம், அடுத்த ஆண்டில் ஊதிய விடுப்பு கிடைத்தது. பதினைந்து நாட்களுக்கு முன்பே எழுத்தில் கேட்க வேண்டியிருந்தது. ஆண்டில் மூன்று தவணைகளுக்கு மேல் பிரித்தெடுக்க முடியாதிருந்தது. வேலை தடைப்படாதிருக்க யார் எப்போது விடுப்பில் செல்வது என்று திட்டம் வகுத்துக்கொள்ளவும் சட்டம் இடமளித்தது. பள்ளிகள் கோடை முழுவதும் மூடியிருக்கும், உலை அணையாது. 240 நாள் உழைத்த தந்தையின் பன்னிரண்டு நாள் விடுப்பு பிள்ளைகளின் விடுமுறையோடு பொருந்துவது அந்தத் திட்டத்தைச் சார்ந்திருந்தது.

1971ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு இரு நிறுவனங்களைத் தொடங்கியது. ஒன்று தொழிற்பேட்டைகளை அமைக்கும் சிப்காட், மற்றொன்று சுற்றுலா வளர்ச்சிக் கழகம். ஒன்று வேலையிடத்தையும் மற்றொன்று ஓய்விடத்தையும் உருவாக்கின. ஒன்றின் தொழிலாளி மற்றொன்றின் விருந்தினராக வேண்டுமெனில் இடையில் விடுப்பு தேவை. திருவள்ளூர் மாவட்டத்திற்குள்ளேயே இதில் இருவேறு உலகங்கள் உள்ளன. ஆவடியின் கனரக ஊர்தித் தொழிற்சாலை 1960களில் நடுவணரசு நிறுவனமாக வளர்ந்தது. நடுவணரசு ஊழியர்க்கு 1956இல் அறிமுகமான விடுப்புப் பயணச் சலுகை, விடுப்போடு குடும்பத்தினரின் பயணச் செலவையும் ஈடுசெய்தது. சொந்த ஊருக்கு மட்டுமன்றி, நான்காண்டுத் தொகுதிக்கு ஒருமுறை இந்தியாவின் எப்பகுதிக்கும் செல்லலாம் என்றும் அது விரிந்தது. உதகையும் கொடைக்கானலும் நடுத்தரக் குடும்பத்தின் ஒளிப்படத் தொகுப்பில் இடம்பெற்றதில் இச்சலுகையின் பங்கு பெரிது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் நிலை வேறு. எஃகு உருக்கும் உலைகளும் உருட்டாலைகளும் மிகுந்த இப்பகுதியில் தனியார் நிறுவனங்களே பெரும்பான்மை. ஒப்பந்தத் தொழிலாளர்களும் பலர். சட்டம் ஒப்பந்தத் தொழிலாளரை விலக்கவில்லை என்பதை இங்கு வலியுறுத்த வேண்டும். ஒப்பந்தக்காரர் வழியே வருபவரும் 'தொழிலாளர்' என்றே அதன் வரையறை கூறியது. இடர்ப்பாடு எண்ணும் முறையில் இருந்தது. 240 நாட்களும் ஒரே தொழிற்சாலையில் கழிந்திருக்க வேண்டியிருந்தது. ஆலை மாறினால் எண்ணிக்கை புதிதாகத் தொடங்கியது. இடையில் வேலையை விட்டவர்க்கு அதுவரை சேர்ந்த விடுப்பைப் பணமாகத் தரவும் சட்டம் வழிசெய்தது. அது நன்மையே; ஆனால் அந்நன்மையில் நாள் மறைந்து தொகை மட்டும் எஞ்சுகிறது. அத்தொகை வாடகைக்கோ பள்ளிக் கட்டணத்துக்கோ போய்ச் சேரலாம். குடும்பம் ஒன்றாக இருந்திருக்கக்கூடிய நாட்களை அது மீட்டுத் தருவதில்லை. 2020ஆம் ஆண்டின் பணிப்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 240ஐ 180ஆகக் குறைத்திருப்பதை இப்பின்னணியில் வைத்தே மதிப்பிட வேண்டும்.

ஒடிசா, பீகார், சார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து வந்து இங்குப் பணிபுரிவோர்க்கு விடுப்பு என்பது ஊர் திரும்புதல். அவர்கள் செல்லும் வண்டி கூடூர், விசயவாடா வழியாக வடக்கே போகிறது. அவர்களுள் சோட்டாநாக்பூர் மேட்டுநிலத்தவர்க்கு மலையும் காடும் பிறந்த இடம். சமவெளியின் உலையே அயலிடம். பொருள்வயிற் பிரிவு என்னும் பழந்துறையை இலக்கிய வகுப்புக்கு வெளியே காண விரும்புவோர் கும்மிடிப்பூண்டி நிலையத்தில் ஒரு மாலைப்பொழுது நின்றாலே போதும்.

எஞ்சிய நாளும் அண்மை மலையும்

நீண்ட விடுப்பு கிடைக்காத குடும்பங்கள் அண்மையிலுள்ள மலைகளை நாடுகின்றன. ஆந்திர எல்லைக்கு அப்பால் தடா அருவி ஒரே நாளில் சென்று திரும்பும் தொலைவில் உள்ளது. திருவள்ளூர் வழியே செல்லும் இருப்புப்பாதையில் சோலையார்பேட்டையில் இறங்கினால் ஏலகிரி. புலவர்கள், வள்ளல்கள் ஆகியோரின் பெயர்களைத் தாங்கிய பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சாலை அதற்குண்டு. ஓரிரவு தங்கித் திரும்பலாம். உதகையின் உயரத்தில் ஏறத்தாழப் பாதியே இருப்பினும், கூட்டாக வேன் அமர்த்திச் செல்வோர்க்கு அதன் அண்மையே சிறப்பு.

இதற்கிடையே உயர்மலைகளில் நெரிசல் வழக்குமன்றம் வரை சென்றது. சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் ஊர்திகளுக்கு இ-பாஸ் கட்டாயமாயிற்று. 2025ஆம் ஆண்டுக் கோடைக்கு உதகையில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 ஊர்திகள் என உச்சவரம்பும் வகுக்கப்பட்டது. வார இறுதிக்கு இரண்டாயிரம் கூடுதலாக ஒதுக்கியிருப்பது, மக்கள் பெரும்பாலோர்க்கு எந்த நாட்கள் கையில் உள்ளன என்பதை அரசும் நீதிமன்றமும் அறிந்திருப்பதைக் காட்டுகிறது. அரசுப் பேருந்தில் வருவோர்க்கு இந்த இ-பாஸ் தேவையில்லை.