இரட்டை இயங்குதள மடிக்கணினியில் இணைய இணைப்புக் கோளாறுகள்

ஒரே மடிக்கணினியில் விண்டோஸையும் லினக்ஸையும் நிறுவி, இயக்கும்போது இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்யும் ஏற்பாடு இரட்டை இயங்குதள முறை அல்லது டுவல் பூட் எனப்படும். வெள்ளவத்தையிலிருந்து டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தை வழியே பாமன்கடை வரையுள்ள தொடர்மாடிகளில் கணினி படிக்கும் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. 1990 இல் நிறுவப்பட்ட ஐஐடி எனும் தனியார் கணினிக் கல்வி நிறுவனம் இயங்குவதும் வெள்ளவத்தை இராமகிருஷ்ண வீதியில்தான். புரோகிராமிங்குக்கு உபுண்டு எனும் லினக்ஸ், வேர்ட்டுக்கும் எக்ஸெலுக்கும் விண்டோஸ் என்று ஒரே லப்டொப்பில் இரண்டும் குடியிருக்கும். அவர்களிடம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு: விண்டோஸில் வைஃபை வேலை செய்கிறது, லினக்ஸில் இல்லை.

இதைச் சொன்ன உடனேயே லைன், ரவுட்டர், வைஃபை அட்டை மூன்றும் சந்தேகத்திலிருந்து நீங்கிவிடுகின்றன. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்கு லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு போய்ப் புதிய அட்டை போட வேண்டியதில்லை. இரண்டிலும் இணைப்பு இல்லையென்றால்தான் ரவுட்டரையும் டேட்டா மீதியையும் பார்க்க வேண்டும். லினக்ஸில் தெரியும் கோளாறுக்குக் காரணம் பல வேளைகளில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ்தான் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

பாதி ஷட் டவுன்

2012 இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதல் 'பாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி உண்டு. ஷட் டவுன் கொடுத்தால் பயனரின் வேலைகள் மட்டுமே மூடப்படும்; இயங்குதளத்தின் கருப்பகுதி அப்படியே வன்தட்டில் சேமிக்கப்பட்டு உறங்கிவிடும். அடுத்த முறை விரைவாக எழும்ப இது உதவும். ஆனால் சில வைஃபை அட்டைகளை விண்டோஸ் அரைத்தூக்க நிலையில் விட்டுவிடும். அதன் பிறகு லினக்ஸ் எழும்பினால் அட்டை இருப்பது தெரியும், அதை இயக்க முடியாது. ரியல்டெக் கேபிள் போர்ட்டுகளிலும் இதேபோன்ற சிக்கல் வருவதுண்டு.

சந்தேகம் இருந்தால் லினக்ஸிலிருந்து விண்டோஸின் டிரைவ் ஒன்றைத் திறந்து ஒரு கோப்பைச் சேமித்துப் பார்க்கலாம். வாசிக்க மட்டுமே விடுகிறது என்றால் விண்டோஸ் முழுதாக மூடப்படவில்லை என்றே பெரும்பாலும் கொள்ளலாம். உடனடி வழி, விண்டோஸில் ஷட் டவுனுக்குப் பதிலாக ரீஸ்டார்ட் கொடுத்து லினக்ஸுக்குள் போவது. ரீஸ்டார்ட் எப்போதும் முழுதாக மூடித்தான் எழும்பும். ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தாலும் அதே பலன். நிரந்தரமாக நிறுத்த, கொன்ட்ரோல் பேனலின் பவர் ஒப்ஷன்ஸில் பவர் பட்டன்களுக்கான பக்கத்தில் 'டர்ன் ஒன் பாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்பதன் எதிரே உள்ள சரிக் குறியை எடுத்துவிட வேண்டும். எஸ்எஸ்டி உள்ள லப்டொப்பில் இதனால் இழப்பது சில விநாடிகள்தான். பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்குப் பின் இந்தப் பக்கத்தை மறுபடி ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

கடிகாரம்

மதர்போர்ட்டிலுள்ள கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாக வாசிக்கிறது, லினக்ஸ் உலகப் பொது நேரமாக வாசிக்கிறது. கொழும்பில் இந்த வேறுபாடு ஐந்தரை மணித்தியாலம். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குத் திரும்பும்போது நேரம் அவ்வளவு பின்தங்கியிருக்கும். பெரும்பாலான தளங்கள் அப்போதும் திறக்கும். அதே லப்டொப்பில் உருவாக்கிய ஒருமுறைக் குறியீட்டைக் கேட்கும் லொகினும், சில நிமிட வேறுபாட்டைக்கூடப் பொறுக்காத நிறுவன வலையமைப்புகளும் மறுத்துவிடும். லினக்ஸில் டைம்டேட்சிடிஎல் கட்டளை மூலம் கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் வைக்கச் சொன்னால் சண்டை தீரும். ஆண்டே பல வருடம் பின்போய், பாதுகாப்பான தளங்கள் எல்லாம் எச்சரிக்கை காட்டினால் அது வேறு கதை: மதர்போர்ட்டின் சிறு பட்டரி செத்திருக்கும்.

இலங்கையின் நேரமே நிலையாக இருந்ததில்லை. 1996 மே மாதத்தில் ஆறரை மணித்தியாலமாகவும், அதே ஆண்டு ஒக்டோபரில் ஆறாகவும் மாறி, 2006 ஏப்ரலில் பழைய ஐந்தரைக்கே திரும்பியது. விண்டோஸின் நேர வலயப் பட்டியலில் கொழும்பைத் தேடினால் கிடைக்காது; ஸ்ரீ ஜயவர்தனபுர என்றுதான் இருக்கும். லினக்ஸில் ஆசியா/கொழும்பு.

டிரைவரும் செக்யூர் பூட்டும்

நிறுவிய முதல் நாளிலிருந்தே லினக்ஸில் வைஃபை இல்லையென்றால் விண்டோஸைக் குறை சொல்ல முடியாது. பழைய டெல், எச்பி லப்டொப்புகளிலுள்ள புரோட்கொம் அட்டைகளும் சில ரியல்டெக் அட்டைகளும் தனி டிரைவர் கேட்கும். டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும் என்ற இழுபறியை அன்ட்ரொய்ட் போன் தீர்த்துவைக்கும். யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங்கைப் போட்டால் உபுண்டு அதைக் கேபிள் இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும்.

டிரைவர் நிறுவப்பட்டும் அசையாவிட்டால் செக்யூர் பூட்டைச் சந்தேகிக்கலாம். கையொப்பமில்லாத டிரைவரை அது ஏற்றவிடாது. நிறுவும்போது உபுண்டு ஒரு கடவுச்சொல் கேட்கும். மறுதொடக்கத்தில் நீலத் திரை வந்து, சாவியைப் பதியச் சொல்லி அதே கடவுச்சொல்லைக் கேட்கும். அந்தத் திரை சில விநாடிகளே நிற்கும். தவறவிட்டவர்கள் நிறுவலைத் திரும்பத் தொடங்க வேண்டியதில்லை, சாவிப் பதிவை மட்டும் மீண்டும் கோரினால் போதும். அதன் பிறகும் வைஃபை எழும்பாவிட்டால், ஆர்எஃப்கில் என்ற கட்டளை, அட்டை மென்பொருளால் அடைக்கப்பட்டிருக்கிறதா, லப்டொப்பின் வைஃபை விசையால் அடைக்கப்பட்டிருக்கிறதா என்பதைப் பிரித்துக் காட்டும்.

டேட்டா

இரண்டு இயங்குதளங்களும் ஒரே பக்கேஜில்தான் அப்டேட்டுகளை இறக்குகின்றன. டேட்டாவை மிச்சப்படுத்த விண்டோஸில் வைஃபையை 'மீட்டர்ட்' என்று குறித்தால் அது லினக்ஸுக்குத் தெரியாது. அங்கும் தனியாகக் குறிக்க வேண்டும். பகலுக்கும் இரவுக்கும் வெவ்வேறு டேட்டா உள்ள பக்கேஜ்காரர்கள் உபுண்டுவின் அப்டேட்டை நள்ளிரவுக்குப் பின் கையால் ஓட்டி, பகல் டேட்டாவை வகுப்புகளுக்கு விட்டுவைக்கலாம்.