‘முன்னாள்’ என்றொரு மூலதனம்

நம்மூர்ப் பக்கம் சில கார்களில் பார்த்திருப்பீர்கள். ‘முன்னாள் எம்.எல்.ஏ.’, ‘முன்னாள் சேர்மன்’ என்று பலகை இருக்கும். பதவி போய்ப் பதினைந்து வருடம் ஆகியிருக்கும், பலகை மட்டும் போகாது. டோல்கேட்டில் ஒரு சலாம், தாலுகா ஆபீஸில் உட்கார ஒரு நாற்காலி, அவ்வளவுக்குத்தான் அது உதவும் என்று நாமும் சிரித்துக்கொண்டே கடந்துவிடுகிறோம். அதே ஒற்றைச் சொல்லை வைத்து உலக அளவில் ஒரு தொழிலையே நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அரசாங்கங்களிடம் காரியம் ஆகவேண்டிய கம்பெனிகளுக்கு வழி சொல்லிக்கொடுக்கும் ஆலோசனை நிறுவனங்கள் அவை. அப்படி ஒரு நிறுவனத்தின் தலைமையில் இருப்பவர்களின் பட்டியலை எடுத்துப் படித்துப் பாருங்கள். முன்னாள் செயலாளர், முன்னாள் தூதர், முன்னாள் தளபதி என்று பெயருக்குப் பெயர் ஒரு ‘முன்னாள்’ நிற்கும். வாழ்க்கைக் குறிப்பு என்று தலைப்புப் போட்டிருப்பார்கள். எனக்கு அது விலைப்பட்டியலாகத்தான் தெரிகிறது.

இந்த வகையில் உலகப் பெயர் பெற்றது நியூயார்க்கின் கிசிஞ்சர் அசோசியேட்ஸ். எங்கேயோ இருக்கிற கம்பெனியின் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். அந்தக் கதை போபால் வரைக்கும் வருகிறது.

ஹென்றி கிசிஞ்சர் 1923இல் ஜெர்மனியில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1938இல் நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்காவுக்கு அகதியாகப் போனவர். ஹார்வர்டில் பேராசிரியராகி, 1969இல் அதிபர் நிக்சனின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகராகி, 1973 முதல் 1977 ஜனவரி வரை வெளியுறவு அமைச்சராக இருந்தார். கம்போடியாவின் மீது ரகசியமாகக் குண்டு வீசப்பட்டதிலும், சிலியில் அயெந்தே அரசைக் கவிழ்க்கச் சூழல் உருவாக்கியதிலும், 1971இல் கிழக்கு வங்கத்தில் மக்கள் கொல்லப்பட்டபோது யாஹ்யா கானுக்கு முட்டுக்கொடுத்ததிலும் அவர் கை இருந்தது. 1973இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசும் கிடைத்தது! ஒடுக்கப்பட்டவராகப் பிறந்தவர் ஒடுக்கப்பட்டவர் பக்கம்தான் நிற்பார் என்று இன்னும் நம்பிக்கொண்டிருக்கும் தோழர்கள் இவரை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். தனித்தொகுதிகளில் வென்று போன சிலரைப் பார்த்தவர்களுக்கு அது புதிய செய்தியாக இருக்காது.

பதவி போன ஐந்தாண்டுகளில், 1982இல், அவர் நிறுவனத்தைத் தொடங்கினார். முதலீட்டுக்கு கோல்ட்மன் சாக்ஸ் போன்ற நிதி நிறுவனங்கள் கடன் கொடுத்தன. தொழிற்சாலை கிடையாது, இயந்திரம் கிடையாது, காப்புரிமை எதுவும் கிடையாது. அப்படியானால் எதை நம்பிக் கடன் கொடுத்தார்கள்? அவர் அமைச்சராக இருந்த காலத்தில் பழகிய அதிபர்கள், மன்னர்கள், ராணுவத் தலைவர்கள், அவர்களின் வீட்டுத் தொலைபேசி எண்கள். அந்தப் பழக்கம் ஒவ்வொன்றும் அமெரிக்க மக்களின் வரிப்பணத்தில், அமெரிக்க அரசின் விமானத்தில் போய்ச் சேர்த்தது.

உடன் சேர்ந்தவர்களைப் பாருங்கள். பிரென்ட் ஸ்கோகிராஃப்ட் விமானப்படையில் லெப்டினன்ட் ஜெனரல். பாதுகாப்பு ஆலோசகர் பணியில் கிசிஞ்சருக்குத் துணையாக இருந்து, 1975இல் அதே நாற்காலியில் உட்கார்ந்தவர். நிறுவனத்தின் துணைத்தலைவரானார். லாரன்ஸ் ஈகிள்பர்கர் வெளியுறவுத் துறையிலேயே ஊறியவர், கிசிஞ்சரின் உதவியாளர், பிறகு யூகோஸ்லாவியாவுக்குத் தூதர், 1984 வரை வெளியுறவுத் துறையின் உயர் அதிகாரி. அந்த ஆண்டே நிறுவனத்தின் தலைவரானார். இருவருக்கும் ஒரே பழைய முதலாளி. அலுவலகம்தான் வாஷிங்டனிலிருந்து நியூயார்க்கின் பார்க் அவென்யூவுக்கு மாறியிருந்தது.

வெளியே வந்தவர்கள் திரும்பி உள்ளேயும் போனார்கள். 1989இல் ஜார்ஜ் புஷ் (மூத்தவர்) அதிபரானதும் ஸ்கோகிராஃப்ட் மறுபடி தேசியப் பாதுகாப்பு ஆலோசகர், ஈகிள்பர்கர் வெளியுறவுத் துறையில் இரண்டாம் இடம், 1992இல் அமைச்சரே ஆகிவிட்டார். அவர்கள் காலி செய்த இடத்துக்கு பால் பிரெமர் வந்தார். இவரும் கிசிஞ்சரின் பழைய உதவியாளர்தான், தூதராக இருந்தவர். 1989 முதல் 2000 வரை நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர். பிறகு என்ன ஆனார் தெரியுமா? 2003இல் ஆக்கிரமிக்கப்பட்ட இராக்கை ஆள அனுப்பப்பட்டார். பல துறைகளில் இராக்கியக் கம்பெனிகளை நூற்றுக்கு நூறு வெளிநாட்டார் வாங்கிக்கொள்ளலாம் என்று அந்த ஆண்டு செப்டம்பரில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான்.

எங்கள் பக்கம் மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். மாட்டின் சொந்தக்காரன் எதிரிலேயே நின்றாலும் துண்டுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. கிசிஞ்சர் நிறுவனத்தின் முறையும் அதுதான். நாங்கள் யாருக்காகவும் லாபி செய்வதில்லை, ஆலோசனை மட்டுமே சொல்கிறோம் என்பார்கள். வாடிக்கையாளர்கள் யார் என்று வெளியே சொல்ல மாட்டார்கள். பட்டியலில் ஒரு பகுதியாவது வெளிச்சத்துக்கு வந்ததென்றால், அது 1989இல் அந்த இருவரும் அரசுப் பதவிக்குத் திரும்பியபோது சொத்து, வருமான விவரம் காட்டவேண்டியிருந்ததால்தான்.

ஓய்வுபெற்ற அதிகாரியின் அனுபவத்தைப் பயன்படுத்துவதே தப்பா என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. எஸ்.ஆர். சங்கரன் மத்திய அரசின் ஊரக வளர்ச்சித் துறைச் செயலாளராக இருந்து 1992இல் ஓய்வுபெற்றவர். அந்த அனுபவத்தைக் கையால் மலம் அள்ளும் கொடுமைக்கு எதிரான சஃபாய் கரம்சாரி ஆந்தோலனுக்குக் கொடுத்தார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உருவாகக் காரணமாக இருந்த பி.எஸ். கிருஷ்ணன் ஓய்வுக்குப் பின் சுமார் முப்பது ஆண்டுகள், 2019இல் சாகும்வரை, பட்டியலின மக்களுக்காக மனுவும் குறிப்பும் எழுதிக்கொண்டே இருந்தார். இவர்களும் ‘முன்னாள்’கள்தான். கோப்பு எந்த மேசையில் தூங்கும், யார் தட்டினால் எழும் என்று இவர்களுக்கும் தெரியும். அந்த அறிவு யாருக்காக வேலை செய்தது, அதைச் சொல்லிக்கொண்டு செய்ததா மறைத்துக்கொண்டு செய்ததா என்பதில்தான் வேறுபாடு.

மறைப்பு எவ்வளவு முக்கியம் என்பது 2002இல் தெரிந்தது. செப்டம்பர் 11 தாக்குதலை விசாரிக்கும் ஆணையத்துக்கு இளைய புஷ் நவம்பர் மாதம் கிசிஞ்சரைத் தலைவராக நியமித்தார். தாக்குதலில் கணவரை இழந்த பெண்கள் சிலர் அவருடைய அலுவலகத்துக்கே போய், உங்கள் வாடிக்கையாளர்களில் சவூதிக்காரர்கள் உண்டா என்று முகத்துக்கு நேராகக் கேட்டார்கள். மறுநாள் டிசம்பர் 13, அவர் பதவி விலகினார். நாட்டின் மிகப்பெரிய விசாரணையின் தலைமையை விட்டுக்கொடுத்தார், பட்டியலை விட்டுக்கொடுக்கவில்லை.

அந்தப் பெண்களால் அந்தக் கதவுவரையாவது போக முடிந்தது. 1984 டிசம்பர் 2 நள்ளிரவில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து கசிந்த மீதைல் ஐசோசயனேட்டில் கணவரையும் குழந்தைகளையும் பறிகொடுத்த போபால் பெண்களுக்கு அந்தக் கதவு எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. ஆலையை ஒட்டிய குடிசைகளில் இருந்தவர்கள் ஏழை முஸ்லிம்கள், தலித்துகள், பிழைக்க வந்த கூலிகள். 1985இல் கொண்டுவந்த சட்டம் அவர்கள் சார்பில் வழக்காடும் உரிமையை இந்திய அரசின் கையில் கொடுத்தது. பிள்ளைக்குப் பெற்றோர்போல அரசு பேசுமாம். தீண்டப்படாதவர்களின் பிரதிநிதியாகத் தீண்டப்படாதவர்களே வரவேண்டும் என்று 1919இல் சவுத்பரோ குழுவிடம் அம்பேத்கர் ஏன் மன்றாடாமல் வாதாடினார் என்பது, இந்தச் சட்டத்தைப் படிக்கும்போது இன்னும் நன்றாக விளங்கும்.

நியூயார்க் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கை 1986 மே மாதம் நீதிபதி கீனன் இந்தியாவுக்கே திருப்பிவிட்டார். இந்திய அரசு 330 கோடி டாலர் கேட்டது. மறுபக்கம், யூனியன் கார்பைடு கிசிஞ்சர் அசோசியேட்ஸின் வாடிக்கையாளர்களில் ஒன்று என்று அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. 1988 மே மாதம் பிரதமர் ராஜீவ் காந்திக்கு ஜே.ஆர்.டி. டாடா ஒரு கடிதம் எழுதினார். இழப்பீட்டு உடன்பாடு இழுத்துக்கொண்டே போவது பற்றி கிசிஞ்சர் தன்னிடம் கவலை தெரிவித்தார் என்பது அதில் இருந்த செய்தி. பல ஆண்டுகள் கழித்து அந்தக் கடிதம் இந்திய ஊடகங்களில் வெளிவந்தது.

ஒரே ஒரு கடிதத்தால் எல்லாம் முடிந்தது என்று நான் சொல்லவரவில்லை. கடிதம் போன பாதையைப் பாருங்கள். முன்னாள் அமைச்சர் தொழிலதிபரிடம் சொல்கிறார், தொழிலதிபர் பிரதமருக்கு எழுதுகிறார். மூன்றே பேர். நடுவில் ஒரு கிளார்க் இல்லை, டோக்கன் இல்லை, ‘நாளைக்கு வா’ இல்லை.

1989 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றத்தில் வழக்கு 47 கோடி டாலருக்கு முடித்துவைக்கப்பட்டது. அன்றைய கணக்கில் சுமார் 715 கோடி ரூபாய். கேட்டதில் ஏழில் ஒரு பங்கு. குற்ற வழக்குகளும் சேர்த்து ரத்து செய்யப்பட்டன. பாதிக்கப்பட்டவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போபால் பெண்கள் டெல்லிக்கு வந்து நீதிமன்றத்தின் முன்னால் போராடினார்கள். தெருவில் நின்ற அவர்கள் விடாமல் போராடியதாலும்தான் 1991இல் குற்ற வழக்குகள் மீண்டும் உயிர்பெற்றன. தொகை மாறவில்லை. காயமடைந்தவர்களில் பெரும்பாலோருக்கு முதலில் கிடைத்தது 25,000 ரூபாய், அதுவும் வருடக்கணக்கில் வரிசையில் நின்றபிறகு.

கூடுதல் இழப்பீடு கேட்ட சீராய்வு மனுவை 2023 மார்ச் 14 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதே ஆண்டு ஜூலையில் கிசிஞ்சர் பெய்ஜிங்குக்குப் போனார். வயது 100. அமைச்சர் பதவியை விட்டு 46 ஆண்டுகள் ஆகியிருந்தன. சீன அதிபர் ஷி ஜின்பிங் அவரை நேரில் வரவேற்று உட்காரவைத்துப் பேசினார்.