அநுகாரமும் அனுட்டானமும்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதி வானம் பார்த்த பூமி. அதற்கு மேற்கே, இன்றைய விருதுநகர் மாவட்டத்திலேயே, ஸ்ரீவில்லிபுத்தூர் உள்ளது. கன்னியர் மழை வேண்டி நோற்ற பாவை நோன்பு, திருப்பாவை என்னும் திவ்வியப் பிரபந்தமாக வடிவு கொண்டது அவ்வூரிலேயே. அந்நோன்பை ஆண்டாள் ஏட்டிலிருந்து கற்றாளல்லள். ஆயர்பாடிப் பெண்கள் நோற்றபடியைத் தன் நெஞ்சில் கண்டு, அவர்களைப் போலவே தானும் நோற்றாள். இதனை வியாக்கியாதாக்கள் ‘அநுகாரம்’ என்பர்.

வில்லிபுத்தூரே திருவாய்ப்பாடியாகவும், தோழியர் ஆய்ச்சியராகவும், வடபெருங்கோயில் நந்தகோபன் திருமாளிகையாகவும், உள்ளே கண்வளரும் பெருமான் கண்ணனாகவும் அவளுக்குத் தோன்றினர். பாவனை முற்றியபோது, பேச்சும் நடையும் மட்டுமன்றி, முடைநாற்றமும் ஆய்ச்சியருக்கு உரியதாகவே ஆயிற்று என்பது பெரியோர் கூற்று. கண்ணனைப் பிரிந்த கோபியர் அவன் செயல்களைத் தாமே செய்து தரித்தனர் என்று ஸ்ரீவிஷ்ணு புராணம் கூறுகிறது. கோபியர் கண்ணனை அநுகரித்தனர். ஆண்டாள் கோபியரை அநுகரித்தாள். பிறரைப் போலச் செய்யத் தொடங்கியது, அவர்தம் தன்மையையே பெறுவதாக முடிந்தது.

ஆயினும் எவரைப் பின்பற்றுவது என்னும் வினா எழும். திருப்பாவை இருபத்தாறாம் பாசுரத்தில், நோன்புக்குப் பிரமாணம் யாது என்னும் கேள்விக்கு, முன்னோர் செய்துவந்தமையே விடையாகிறது. இதுவே சிஷ்டாசாரம். தைத்திரீய உபநிடதமோ இதற்கு ஓர் எல்லை வகுக்கிறது. கல்வி முடித்து விடைபெறும் மாணாக்கனிடம் ஆசாரியன், தம் நற்செயல்களை மட்டுமே கைக்கொள்ளவும் ஏனையவற்றை விடவும் பணிக்கிறான். ஆசாரியன் செய்தான் என்பதனாலேயே ஒரு செயல் பின்பற்றத்தக்கதாகிவிடாது.

பின்பற்றுவோருக்கு இவ்வெல்லை எனில், பின்பற்றப்படுவோருக்குரிய கடமையை எம்பெருமானார் கீதாபாஷ்யத்தில் காட்டியருளினார். மூன்றாம் அத்தியாயம் இருபத்தோராம் சுலோகத்தில் வரும் ‘சிரேஷ்டன்’ என்பவன், சாஸ்திரம் முழுதும் அறிந்தவனாகவும் அதனை அனுட்டிப்பவனாகவும் புகழ் பெற்றவன். அறிவு மட்டும் போதாது. ‘யத் பிரமாணம்’ என்பதற்கு, ஒரு கருமத்தை அவன் எத்தனை அங்கங்களோடு செய்கிறானோ அத்தனை அங்கங்களோடே உலகமும் செய்யும் என்று உரைத்தருளினார். சிரேஷ்டன் ஓர் அங்கத்தை விட்டால், காண்போரும் அதனை விடுவர். உலகம் அதனால் கெடுமாயின், அப்பாவம் ஞானயோகத்தில் நிற்பவனையும் நழுவச் செய்யும் என்பதும் அவர் திருவுள்ளம்.

ஒருவர் அனுட்டானம் வழக்கத்தையே திருத்த வல்லது என்பதற்குப் பெரிய நம்பிகளின் சரிதம் சான்று. ஆளவந்தார் திருவடி அடைந்தவரும் தாழ்ந்த குலம் என்று கருதப்பட்டதில் பிறந்தவருமான மாறனேரி நம்பிக்கு அவர் பிரஹ்மமேத சம்ஸ்காரம் செய்தார். ஊரார் வெறுத்தனர். உடையவர் வினவியபோது, பெருமாள் ஜடாயுவுக்கும், தருமபுத்திரர் விதுரருக்கும் செய்ததைக் காட்டினார். அவர் பின்பற்றியது ஊர் வழக்கத்தையன்று, பெருமாள் செய்தருளியதையே. உடையவரை நோக்கி அவர் கூறிய அவ்வார்த்தையை நினைக்குமாறு பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசனபூஷணத்தில் பணிக்கிறார். மணவாள மாமுனிகளும் (1370–1443) உபதேசரத்தினமாலையில் பூர்வாசாரியர்களின் போதத்தோடு அனுட்டானத்தையும் சேர்த்தே கூறுகிறார்.

திவ்வியப் பிரபந்தம் கற்பிக்கும் சந்தை முறையிலும் இதுவே காணப்படும். ஆசிரியர் ஒருமுறை சொல்ல, மாணாக்கர் இருமுறை சொல்வர். சொல்லோடு அவர் அமரும் முறை, கைகூப்பும் முறை, சேவிக்கும் முறை ஆகியனவும் சேர்ந்தே பயிலப்படுகின்றன. பாடசாலையோ கோஷ்டியோ அருகில் இல்லாத கரிசற் சிற்றூர்ப் பிள்ளைக்கு, மார்கழி விடியலில் பாட்டியார் திருப்பாவை சேவிக்கும் முறையே முதற்பாடம். பெரியவர் குறைத்துச் செய்தால், பிள்ளை அக்குறையையும் அனுட்டானம் என்றே கொள்ளும்.