ஏழாம் அறிவு (திரைப்படம்)

ஏழாம் அறிவு, கொள்ளைநோயை அரசியல் ஆயுதமாகக் காட்டும் தமிழ் அறிவியல் புனைவுத் திரைப்படம். ஏ. ஆர். முருகதாஸ் இயக்கத்தில் 2011 தீபாவளிக்கு வெளிவந்தது. தெலுங்கிலும் மொழிமாற்றம் செய்யப்பட்டது. தயாரிப்பு உதயநிதி ஸ்டாலின், இசை ஹாரிஸ் ஜெயராஜ்.

கதை: காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசராகச் சித்திரிக்கப்படும் போதிதர்மர், சீனக் கிராமமொன்றில் பரவிய நோயை மூலிகையால் ஒழிக்கிறார். இக்காலத்தில் அதே நோய்க்கிருமியைச் சீன உளவாளி டோங் லீ (ஜானி ட்ரை நுயன்) சென்னைத் தெருநாய் ஒன்றில் செலுத்திப் பரப்புகிறான். இந்தியாவைப் பணியவைப்பதே நோக்கம். மரபணு ஆய்வு மாணவி சுபா (சுருதி ஹாசன்), போதிதர்மரின் வழித்தோன்றலான சர்க்கஸ் கலைஞர் அரவிந்தின் (சூர்யா) மரபணுவில் உறங்கும் ஆற்றலை எழுப்ப முயல்கிறாள்.

மருந்தை வைத்திருப்பவருக்கே அதிகாரம் என்பது படத்தின் அடிநாதம். மரபறிவைக் கைவிட்ட சமூகம் நோயின்முன் நிராயுதபாணியாகிறது என்றும் அது வாதிடுகிறது. இடஒதுக்கீட்டைக் குறைகூறும் வசனம் விமர்சிக்கப்பட்டது. போதிதர்மரைத் தென்னிந்தியர் எனச் சீன மரபு குறிப்பிட்டாலும், அவர் பிறப்பிடம் குறித்து ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்தில்லை. 2020இல் கொரோனா பரவியபோது இப்படம் மீண்டும் பேசுபொருளானது.